ஞாயிற்றுக்கிழமை அழுத்தம்

எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்குக் 'கடைசி வீடு' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். குடிநீர்க் குழாய்த் திட்டத்தை யார் வரைந்து கொண்டுவந்து காட்டினாலும் பாதி மூக்காலும் பாதி தொண்டையாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எல்லாம் சரி, கடைசி வீட்டுக்குத் தண்ணி போகுதா?" அந்தக் குரலை நான் செய்து காட்டும்போது பக்கத்து மேசையில் அவரும் சிரிப்பார். "மூக்கு பத்தல தம்பி, இன்னும் கொஞ்சம் அடைக்கணும்" என்று திருத்தமும் சொல்வார்.

இருபத்திரண்டு வருடங்களாக அதே நாற்காலி. வேலை என்னவென்றால், தெருக்களைக் கணினியில் ஏற்றி, குழாய்களைக் கோடாகவும் அவை சேரும் இடங்களை வட்டமாகவும் வரைந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் தரை எவ்வளவு உயரம், எத்தனை வீடு, எவ்வளவு தண்ணீர் என்று எழுத வேண்டும். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். அழுத்தம் போதுமென்றால் வட்டம் நீலமாகும், போதாதென்றால் சிவப்பாகும். நாங்களெல்லாம் நீலத்தைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அவர் அங்கேயே உட்கார்ந்து, நீலம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு வட்டமாகக் குடைந்துகொண்டிருப்பார்.

மேட்டுத்தெரு வேலை வந்த அன்றைக்கு மட்டும் மனிதர் துள்ளினார். மேட்டுத்தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்றில் அவருடைய அக்கா தனியாக இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். தெருவுக்குக் குழாய் கிடையாது. கீழே படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பொதுக்குழாய், எண்பத்துநான்கு படி. அக்காவின் தொலைபேசிக் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்கும்.

"டேய், நீ ஊருக்கெல்லாம் தண்ணி விடுறியாமே? உன் அக்கா வீடு உன் படத்துல இருக்கா இல்லையா?"

"இருக்குக்கா. இந்தத் தடவை இருக்கு."

"படத்துல இருந்து நான் என்னடா பண்றது? படத்தையா குடிக்கிறது?"

புதுக்குழாயைக் கடைவீதியில் ஓடும் பழைய பெரிய குழாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத் திட்டம். அந்தச் சேரும் இடத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோப்பில் ஒரே ஒரு அளவு இருந்தது: முப்பத்தொரு மீட்டர். அதாவது தண்ணீர் தன் பலத்தில் அவ்வளவு உயரம் ஏறும். அவர் தேதியைப் பார்த்தார், நாட்காட்டியைப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எடுத்திருக்கான் தம்பி. கடையெல்லாம் மூடியிருக்கும், வீட்டுல எல்லாம் தூங்கிக்கிட்டிருப்பான். எவன் குழாயைத் திறப்பான்?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே அழுத்தமானியை எடுத்துக்கொண்டு போனார். சேரும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. அந்தக் கடைக்காரரைக் கெஞ்சி, தெருக்குழாயிலிருந்து நேராக வரும் அவர் குழாயில் மாட்டிப் பார்த்தார். முள் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. ஒரு கிலோ என்றால் பத்து மீட்டர். மேட்டுத்தெருவோ பதினொரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து நாள் தொடர்ந்து போனார். ஐந்து நாளும் அதே பத்துதான். கடைக்காரர் ஐந்தாம் நாள், "சார், நாளைக்கு வந்தா முடியாவது வெட்டிக்கிட்டுப் போங்க, சும்மா வந்து என் குழாய்க்கு நாடி பாக்குறீங்க" என்றாராம்.

பத்தைப் போட்டுத் தட்டியதும் மேட்டுத்தெரு முழுக்கச் சிவந்தது. ஒரு தொட்டியும் பம்ப்பும் இருந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். அதையும் சேர்த்து வரைந்து மேலாளரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

எங்கள் மேலாளர் யாரையும் திட்டமாட்டார். எல்லோரும் அவருக்கு 'ராஜா'தான். தேன் ஊற்றின குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன இளைப்பாறல்.

"ராஜா... நான் சொல்ல வர்றது என்னன்னா... கோப்புல ஒரு அளவு இருக்கு. அதை விட்டுட்டு நீங்க ஏன் ராஜா சலூன்ல போய் அளக்குறீங்க?"

"சார், அது ஞாயித்துக்கிழமை அளவு."

"ஞாயித்துக்கிழமையும் தண்ணிதானே ராஜா வருது? பாலா வருது? அந்த எடத்துல ஒரு ரிசர்வாயர் போடுங்க. முப்பத்தொண்ணுன்னு அடிங்க. முடிஞ்சுது."

இந்த ரிசர்வாயர் என்பது மென்பொருளில் ஒரு சின்னக் குறி. அதை வைத்துவிட்டால், எவ்வளவு தண்ணீர் எடுத்தாலும் அந்த இடத்தின் மட்டம் இறங்கவே இறங்காது. வற்றாத ஏரிக்காக உண்டாக்கினது. ஊரே காலையில் உறிஞ்சுகிற பழைய குழாயில் அதை வைப்பது, எங்கள் தொழிலில் பலர் தெரிந்தே செய்கிற வேலை.

அவர் மாட்டேன் என்றார். மேலாளர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"தாராளமா பம்ப் போட்டு அனுப்புங்க ராஜா. மேல என்ன சொல்லுவாங்க? செலவு ரெட்டிப்பாகுது, மேட்டுத்தெருவை எடுத்துடு, மத்ததைப் போடுன்னுதான். அப்புறம் இன்னும் பத்து வருஷம். நீலமா வந்தா தெரு இருக்கும், செவப்பா வந்தா தெருவே இருக்காது. நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கென்ன."

அன்று சாயங்காலம் அவர் தொட்டியையும் பம்ப்பையும் படத்திலிருந்து எடுத்தார். ஐந்து மணிக்கு ரிசர்வாயரை வைத்தார். முப்பத்தொன்று அடித்தார். தட்டினார். அறுபத்திரண்டு வீடும் நீலம், கடைசி வட்டத்தில் பதினெட்டு மீட்டர். அறிக்கையில் 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"குழாய் முதல்ல மண்ணுக்குள்ள போகட்டும் தம்பி. பம்ப்பை அப்புறம் சண்டை போட்டு வாங்கிக்கலாம்" என்றார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

எட்டு மாதத்தில் குழாய் போட்டார்கள். திறப்பு விழாவை மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைத்தார். மேட்டுத்தெருவில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டு, வந்தவன் போனவனிடமெல்லாம் "என் தம்பி போட்டது, என் தம்பி போட்டது" என்றார். அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வீட்டுத் தண்ணீர் மீட்டர் அந்தக் காற்றுக்கும் சுற்றியது. வாரத்தில் ஆறு நாள் அப்படி. ஞாயிறு பிற்பகல் மட்டும் இரண்டு மணி நேரம் தண்ணீர். அதைவிட மோசம், வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது என்று படிக்கட்டின் கீழே இருந்த பொதுக்குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். எண்பத்துநான்கு படியும் இறங்கி, இப்போது அடுத்த தெருவரை போக வேண்டும்.

அக்கா தொலைபேசியில் கத்தவில்லை. "ஏன்டா, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர், "பம்ப் வந்துடும்க்கா" என்றார். அக்கா வைத்துவிட்டார்.

பம்ப் கேட்டுக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. மேலே அவருடைய பழைய அறிக்கையின் நகலையே குத்தியிருந்தார்கள். கடைசி வட்டத்தைச் சிவப்பு மையால் சுற்றி, பக்கத்தில் எழுதியிருந்தது: 'தங்கள் கணக்கின்படியே அழுத்தம் பதினெட்டு மீட்டர். பம்ப் தேவையில்லை. கீழ்த்தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று விசாரிக்கவும்.'

அவர் இன்னொரு கடிதம் எழுதினார். தன் கணக்கு பொய் என்றும், காலை அளவு பத்து மீட்டர்தான் என்று தெரிந்தே முப்பத்தொன்றைப் போட்டதாகவும் ஒளிக்காமல் எழுதி, ஐந்து நாள் அளவுகளையும் இணைத்தார். மேலாளர் பெயரை எங்கும் எழுதவில்லை.

"அவரும் சொன்னாருன்னு எழுதுங்க. நானே சாட்சி" என்றேன்.

"அவரா கையெழுத்துப் போட்டாரு?" என்றார்.

அந்தக் கடிதத்தை நம்பினார்கள், ஆனால் ஒரு பாதியை மட்டும். கணக்கு பொய் என்பதை உடனே ஏற்றுக்கொண்டு, வடிவமைப்பிலிருந்து எடுத்துப் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். பம்ப் வேண்டும் என்ற பாதிக்கு, 'விசாரணை முடியும்வரை மேட்டுத்தெருவில் எந்த வேலையும் கூடாது' என்று பதில் வந்தது. விசாரணை பதினான்கு மாதமாக நடக்கிறது. நான் இரண்டு முறை சாட்சி சொல்லப் போனேன். இரண்டு முறையும் அதிகாரி விடுப்பு.

போன மழைக்காலத்தில் அக்கா குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு அக்காவை அவர் தன் வீட்டுக்கே கூட்டிவந்தார். அங்கே பொழுதெல்லாம் தண்ணீர். நான் பார்க்கப் போயிருந்தபோது அவர் மனைவி, "அண்ணி, வெந்நீர் போட்டுட்டேன், குளிச்சிடுறீங்களா?" என்றார். அக்கா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இவ நல்லவ. இவ ஊத்துறா, நான் குளிக்கிறேன். அவன் ஊத்த வேணாம்னு சொல்லிடு." அவர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்கா அவரிடம் பேசி ஐந்து மாதமாகிறது.

போன வாரம் மேட்டுத்தெருவின் தற்போதைய நிலை என்ன என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். இப்போது அந்தக் கணக்கு என் தலையில்தான். மேலாளரிடம் போய், அங்கே பூட்டின வீடுகள் ஒன்பது ஆகிவிட்டது என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப தேவை கொறையுது ராஜா... இன்னும் கொஞ்ச நாள்ல... பம்ப் இல்லாமலே ஏறிடும் போல."

அந்தக் குரலை நான் இதுவரை அறையில் யாருக்கும் செய்து காட்டவில்லை. அறுபத்திரண்டை அழித்து ஐம்பத்துமூன்று என்று அடித்தேன். ரிசர்வாயரின் முப்பத்தொன்றைத் தொடவில்லை. தட்டினேன். முன்பைவிட நல்ல நீலமாக வந்தது. 'வடிவமைத்தவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது. நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம்.