குண்டு எழுத்தில் பொன்னியம்மாள்

அனகாபுத்தூரில் என் பிளக்ஸ் கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே எழுத்துதான் வேண்டும். நிமிர்ந்த கோடு குண்டு, படுத்த கோடு தலைமுடி மாதிரி மெல்லிசு, முனைகளில் கூரான சின்னப் பாதம். நகைக்கடைப் பலகையா, மஞ்சள் நீராட்டு விழாவா, அதைத்தான் கேட்பார்கள். பெரிதாகப் போட்டால் தெருவையே தன் பக்கம் திருப்பிவிடும். சின்னதாகப் போட்டால் மெல்லிய கோடெல்லாம் தூரத்தில் மறைந்துபோகும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கவுன்சிலர் ஆசையில் இருந்த ஏகநாதனும் கேட்கவில்லை. தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், மனைவி பொன்னியம்மாளைச் சுயேச்சையாக நிறுத்தினார். பிளக்ஸில் அவர் படமும் அவர் பெயரும் ஆளுயரம். வேட்பாளர் பெயர் காலடியில், விரல் உயரம்.

“சார், இந்த எழுத்து சின்னதா போட்டா நிக்காது. வேற வெக்கவா?”

“அதையே போடுமா. ஓட்டு எனக்குத்தான வுழப்போவுது.”

திமிரைப் பாருங்கள். அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தது பொன்னியம்மாள் அக்கா. கால்வாய் தூர்வாராத அதிகாரியை அலுவலக வாசலில் மறித்து, சேற்றுக்குள் நடத்திக் கூட்டிவந்ததும் அக்காதான். அந்த நேரமெல்லாம் இந்த மனுஷன் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

பிளக்ஸ் கட்டிய மறுநாள் அக்கா கடைக்கு வந்தார்.

“பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்தேன் ஹெப்சி. பானாவுக்கு அடிக்கோடே காணோம், ரெண்டு கம்பிதான் நிக்குது. பக்கத்துல ஒருத்தி கேக்குறா, ‘எலக்சன்ல ஒங்க வூட்டுக்காரராக்கா நிக்கிறாரு?’ன்னு.”

“அந்த எழுத்து அப்படித்தாங்கா. பெருசா இருந்தாதான் படிக்க முடியும்.”

அக்கா சொன்னார்: “அப்ப எம் பேர பெருசா போடு. அவரு பேரும் இருக்கட்டும், எம் பேரு இருந்த எடத்துல. எழுத்த மட்டும் மாத்தாத.”

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மதியத்துக்குள் அச்சடித்து, கடைக்கு எதிரிலேயே முதல் பிளக்ஸைக் கட்டவைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொன்னியம்மாள்.

சாயங்காலம் ஏகநாதன் வந்து நின்றார். அக்கா உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி இது? எம் பேரு எங்க?”

“கீழ கீது.”

“கோடு கோடா கீது, ஒண்ணும் தெரியல. என் ஆளுங்க ஒருத்தனும் ஒனக்கு வேலை செய்ய மாட்டான், பாத்துக்க.”

“வராட்டி போவட்டும். எனக்குக் காலு கீது, நான் நடந்து ஓட்டு கேட்டுக்கிறேன்.” அக்கா டம்ளரை வைத்துவிட்டு நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டார். “ஒம் பேரு வேணும்னா கிட்டக்க போயி குனிஞ்சு பாருய்யா. இத்தினி வருசமா எம் பேர நான் அப்டித்தான் பாத்தேன்.”

ஏகநாதன் குனியவில்லை. அதற்குள் அக்கா எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

“நான் பொன்னியம்மா. அதோ, பெரிய எழுத்துல கீறேனே, நான்தான்.”