தெம்பெலிங்கில் ஏழு ஜெராம்

பொன்னம்மாவை எனக்குப் பிடிக்காது. காஜா பெராங் தெருவில் எங்களுக்கு எதிர்வீடு. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்ப் பெண்களை மணந்த தமிழரின் வழிவந்த செட்டிக் குடும்பத்துப் பெண்; வீட்டில் பேசுவது மலாய். பெண்டஹாரா தெருவின் தமிழர் துணிக்கடைகளில் பலகாரம் விற்றுப் பழகிய தமிழில் என்னோடு சண்டை பிடிப்பாள். பலகாரம் பழசு என்று எவனாவது சொல்லிவிட்டால், அவன் கடை வாசலிலேயே நின்று மானத்தை வாங்குவாள்.

அவள் புருஷன் அப்பு படகோட்டி. பகாங் ஆற்றின் மேல்கிளையான தெம்பெலிங்கில் இரண்டு முறை படகு விட்டான்: முதலில் அளக்கப் போனவர்களுக்கு, பிறகு அந்த அளவில் போட்ட படத்தோடு போன புதுத் துரைக்கு. ஐம்பத்தாறு கடைசியில், இரண்டாம் பயணத்தில், படகு பாறையில் மோதிச் சிதறியது. துரையின் உடல் கிடைத்தது. அப்பு கிடைக்கவில்லை.

மறு வருஷம், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் செட்டிகளின் பார்ச்சு வந்தது. செத்தவர்களுக்கு இலையில் படைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். அப்புவுக்கும் இலை போட வேண்டும் என்றாள் அவன் அம்மா மீனாச்சி. பொன்னம்மா இலையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள்.

"என் பிள்ளை பட்டினியா வாசல்ல நிக்கிறான், கிராணி. நீங்க சொல்லுங்க அவகிட்ட" என்று மீனாச்சி என்னிடம் வந்து அழுதாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா; அளந்தவர்களின் நோட்டைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் என் வேலை. தெம்பெலிங் படமே என் கைவேலை. இவளுக்குப் புத்தி வரவழைக்கிறேன் என்று, படத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் விரித்தேன்.

"நல்லா பாரு. ரெண்டு பக்கமும் மலை. கரையே கிடையாது, செங்குத்தா பாறை. அகலமா வர்ற ஆறு இங்க ஒரு வீட்டு அகலத்துக்கு ஒடுங்கிடும். மத்தியானத்துல கூட உள்ள வெயில் இறங்காது. வழி நெடுக ஜெராம், பாறைமேல தண்ணி வெறிபிடிச்சு ஓடும். துரை இந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் போனாரு. அவரே செத்துட்டாரு. உன் புருஷன் எப்படிப் பிழைப்பான்?"

"எனக்கா சொல்லிக் குடுக்கிறீங்க? முதல் தடவை போயிட்டு வந்தப்பவே இதே தரையில கரியால போட்டுக் காட்டினாரு. அந்த ஆத்த எண்ணி வச்சிருக்கற ஆளு அதுல சாவாரா?"

படத்தில் விரல் வைத்து ஆற்றோடு இறங்கினாள். "சத்து, டுவா, தீகா..." என்று மலாயில் ஜெராம்களை எண்ணினாள். விரல் நின்றது.

"ஆறு ஜெராம்தான் இருக்கு. ஏழு சொன்னாரே. பெரிய வளைவு தாண்டினதும் ஒண்ணு. மேல தண்ணி சாதுவா கிடக்கும், அடியில பாறை. படகைக் கயிறு கட்டித்தான் இறக்கணும்னாரு. அது எங்க?"

உளறாதே என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. வளைவு தாண்டியதும், ஐந்தாவது. என் தங்கை கல்யாண வாரத்தில் போட்ட படம் அது. அவசரத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். படகு உடைந்ததும் அங்கேதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. பிற்பகலில் போய், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

பொன்னம்மா குனிந்து, அன்று அப்பு கரியால் போட்டுக் காட்டிய தரையைத் தொட்டாள்.

"அவரு நிறுத்தச் சொல்லியிருப்பாரு" என்றாள். "துரை காகிதத்த நம்பியிருப்பான்."

காறித் துப்புவாள் என்று நின்றேன். அவள் ஓர் இலையைக் கழுவி, கூடத்தில் விரித்தாள். சோறு வைத்தாள். மீன்குழம்பை ஊற்றினாள். மீனாச்சி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பொன்னம்மா கதவுப்பக்கம் வந்து, அன்று முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வாசல்ல நிக்காதீங்க, கிராணி. உங்களப் பாத்தா அவரு உள்ள வர மாட்டாரு."