கச்சாங்குக்குக் கொடுத்த மூன்று மாத்திரைகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் சாமுண்டீஸ்வரிக்கு ஒரு நாளில் இரண்டு ஆறரை மணிதான் முக்கியம். காலை ஆறரை, மாலை ஆறரை. சுவா சூ காங்கிலிருந்து ஜாலான் புசார் வரை ரயிலில் போய், அங்கே ஓர் இரும்புச் சாமான் கடையில் திருகாணியும் குழாய் வளையமும் எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அவருடைய பூனைக்கு நீரிழிவு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இன்சுலின் போட வேண்டும்.

பூனையின் பெயர் கச்சாங். மலாய் மொழியில் நிலக்கடலை. குட்டியாகக் கிடைத்தபோது அவ்வளவுதான் இருந்ததாம். இப்போது வயது பதினொன்று. செம்பட்டை நிறம்.

பூனைக்கு இன்சுலின் போடுவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருக்கிறேன். ஊசி அத்தனை சிரமமில்லை. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடுதான் கஷ்டம். பூனை முதலில் சாப்பிட வேண்டும், பிறகுதான் ஊசி. சாப்பிடாத பூனைக்கு முழு ஊசி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வலிப்பு வரும். செத்தும் போகலாம். ஆகவே ஒவ்வொரு காலையும் சாமுண்டீஸ்வரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கச்சாங் வாய் வைக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

மூன்று வாரங்களாக அது சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் வயிற்றுப்போக்கு, ஒரு நாள் மஞ்சள் நுரையாக வாந்தி. சாமுண்டீஸ்வரி அதைச் சிராங்கூன் சாலைக்கு அருகில் இருக்கும் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் நிவேதிகா என்று ஓர் இளம் மருத்துவர். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, குடல் சரியாக வேலை செய்யாததால் வைட்டமின் பி12 உடம்பில் சேரவில்லை என்றார். வாரம் ஓர் ஊசி, ஆறு வாரம்.

"மாத்திரையா குடுக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டார் சாமுண்டீஸ்வரி. வண்டியில் ஏற்றினாலே கச்சாங் வாந்தி எடுக்கும். அன்று மாலை சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் இன்சுலின் குழப்பம். பூனையை ரயிலிலும் ஏற்ற முடியாது.

"குடுக்கலாம் அக்கா. பூனைக்குன்னே மாத்திரை இருக்கு. ஆர்டர் பண்றேன், அடுத்த வாரம் வந்துடும். பி12 கொஞ்சம் கூடிப் போனாலும் பயமில்ல, ஒண்ணும் செய்யாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாமுண்டீஸ்வரி மனத்தில் வைத்துக்கொண்டார். மருந்தின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். மெத்தில்கோபாலமின்.

அவர் கணவர் ரத்னவேலுக்கும் சர்க்கரை நோய்தான். இருபது வருடங்களுக்கு முன் திருச்சியிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், இப்போது அங்கேயே மேற்பார்வையாளர். பாதம் எரிகிறது என்று ஊரில் ஒரு டாக்டர் நரம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து ஊருக்குப் போய் வரும் யாராக இருந்தாலும் பெட்டியில் முறுக்கோடு அந்த மாத்திரையும் வரும். எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் இப்படி ஊர் மருந்துக்கென்று ஓர் இழுப்பறை இருக்கிறது. யாருக்குத் தலைவலி வந்தாலும் அந்த இழுப்பறையைத்தான் முதலில் திறப்பார்கள்.

சாமுண்டீஸ்வரியும் அதைத் திறந்தார். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் மெத்தில்கோபாலமின் என்றிருந்தது. தாளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதே பெயர். பின்பக்கம் கடுகு அளவு எழுத்தில் இன்னும் நான்கைந்து வரி இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. அடுத்த வாரம் வரைக்கும்தானே என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து, வேக வைத்த குனிங் மீனில் உள்ளிருந்த தூளைப் பிசைந்து கொடுத்தார். கச்சாங் நக்கித் தின்றது. சனிக்கிழமை ஒன்று. வாயோரம் கொஞ்சம் எச்சில் வழிந்தது. மீன் வாசனைக்கு ஊறுகிறது என்று துடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கிண்ணம் காலியானதால் முழு அளவு இன்சுலின் போட்டுவிட்டு, பல நாள்களுக்குப் பிறகு நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினார்.

பகல் பன்னிரண்டரைக்கு வீட்டிலிருந்து ரத்னவேல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சாமு, கச்சாங் ஒரு மாதிரி நடக்குறான். குடிச்சவன் மாதிரி. வாயெல்லாம் நுரை."

சாமுண்டீஸ்வரி கையிலிருந்த திருகாணிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டார். "சுகர் பாருங்க. காதுல குத்துங்க, ஓரமா."

"காதுலயா? எனக்கு விரல்லதான் பழக்கம்."

"ஏங்க, தினம் நாலு தடவ உங்களயே குத்திக்கிறீங்க, அவன ஒரு தடவ குத்துங்க!"

மறுமுனையில் ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு ரத்னவேலின் குரல் மெலிந்து வந்தது. "ரெண்டு புள்ளி நாலு."

சிங்கப்பூர்க் கணக்கில் நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. "சீனியக் கரைச்சு ஈறுல தடவுங்க. ஊத்தாதீங்க, புரை ஏறிடும். தடவிட்டு டாக்சி பிடிச்சு கிளினிக்குக்கு வாங்க. நான் அங்க வந்துடறேன்."

கடையில் மூத்தவரான நடேசன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "பூனைக்கு லீவா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பாஸ் பனடால் மாத்திரைதான் குடுத்தாரு." சாமுண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "போ, போ லா. நான் பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கத்து நடைபாதைகளில் வேகமாக நடக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்த தொழிலாளர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சாமுண்டீஸ்வரி சாலையில் இறங்கி ஓடினார். மருத்துவமனை வாசலில் கால்மணி நேரம் காத்திருந்தார். டாக்சி நின்றபோது கூடையைத் திறந்து பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

கச்சாங்குக்கு உயிர் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் நிவேதிகா கேட்டார்: "காலைல சாப்டானா?"

"முழுசா சாப்டான்."

"இன்சுலின்?"

"எப்பவும் போடற அளவுதான்."

"வேற ஏதாவது குடுத்தீங்களா? மருந்து, டானிக், ஏதாவது?"

ரத்னவேல் முந்திக்கொண்டார். "ஒண்ணுமே இல்ல டாக்டர். இவ ரொம்ப கவனம். சாப்பாடு, ஊசி, அவ்ளோதான்."

சாமுண்டீஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. வைட்டமின்தானே, அதைப் போய்ச் சொல்வானேன் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். ஆனால் அது முழு உண்மை இல்லை என்றும் அவரே சொன்னார். தன் கையால்தான் இது நடந்ததோ என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தார்.

சர்க்கரை ஏழுக்கு ஏறியது. ஒரு மணி நேரத்தில் மறுபடி மூன்றுக்கு இறங்கியது. எச்சில் நிற்கவில்லை. தலை ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே இருந்தது.

"எனக்கு இது பிடிபடல," என்றார் டாக்டர் நிவேதிகா. "இன்சுலின் மட்டும்னா இந்நேரம் வேகம் குறைஞ்சிருக்கணும். இப்படி எச்சிலும் வராது. இன்சுலின் கூடிப் போச்சுன்னு வச்சுத்தான் இப்ப வைத்தியம் பண்றேன். அது தப்பா இருந்தா வேற எதையோ தவற விடறோம்."

கூண்டுக்குள்ளிருந்து கச்சாங் ஒரு முறை கத்தியது. அதன் வழக்கமான குரலே இல்லை. சாமுண்டீஸ்வரி கணவரின் தோள்பையை இழுத்துத் திறந்தார். ரத்னவேல் எங்கே போனாலும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போவார். அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"மூணு நாளா இத குடுத்தேன். தினம் ஒண்ணு. நீங்க எழுதிக் குடுத்த அதே பேரு டாக்டர்."

ரத்னவேல் மனைவியைப் பார்த்தார். "என் மாத்திரையையா குடுத்த?"

டாக்டர் அட்டையைத் திருப்பி, கைப்பேசி வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படித்தார். முகம் இறுகியது. "பி12 சரிதான். இதோட ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் சேர்த்திருக்காங்க. மனுஷங்களுக்குக் கால் எரிச்சலுக்குக் குடுக்கறது. பூனைக்கு அது விஷம் அக்கா. சர்க்கரைய இறக்கும், ஈரலத் தாக்கும்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். "இப்பவே ஈரலுக்கு டெஸ்ட் எடுக்கணும். டிரிப்ப மாத்தணும். இன்சுலின நிறுத்தறேன்."

கதவு மூடியதும் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சாமுண்டீஸ்வரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னவேல் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் அந்த அட்டையை வெகு நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எட்டு வருஷமா முழுங்கறேன்," என்றார் கடைசியில். "பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு நானே ஒரு நாளும் படிச்சதில்ல."

மூன்று நாள் கச்சாங் மருத்துவமனையில் கிடந்தது. ஈரலின் எண்கள் முதல் நாள் ஏறின, இரண்டாம் நாள் இன்னும் ஏறின. பிழைக்குமா என்று சாமுண்டீஸ்வரி கேட்டபோது, "சொல்ல முடியல அக்கா" என்று மட்டும் பதில் வந்தது. மூன்றாம் நாள் எண்கள் நின்றன. அன்று மாலை குழாய் வழியாக அல்லாமல் தானாக இரண்டு வாய் சாப்பிட்டது. நான்காம் நாள், பி12 ஊசியை அங்கேயே போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரல் முழுதாகத் தேறியதா என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். இன்சுலின் அளவையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

அன்று மாலை ஆறரைக்குக் கச்சாங் சாப்பிட்டு முடித்தது. சாமுண்டீஸ்வரி மருந்தை ஊசியில் இழுத்தார். தோலைத் தூக்கிப் பிடித்தார். எட்டு மாதமாகத் தினம் இரண்டு முறை செய்த வேலை. கை நகரவில்லை.

"நீங்க போடுங்க," என்றார்.

"எனக்குத் தெரியாது சாமு."

"எனக்கும் தெரியலீங்க. இந்தக் கையாலதானே குடுத்தேன்."

ரத்னவேல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்தார். இன்சுலின் குப்பியின் பெயரைச் சத்தமாக வாசித்தார். பின்பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை வாசித்தார். பிறகு ஊசியை மனைவியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கு. போடு."

சாமுண்டீஸ்வரி போட்டார். போட்டுவிட்டுக் கச்சாங்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. பூனையின் வயிறு ஏறி இறங்குவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறும்போதெல்லாம் அதன் விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.