சும்மா சாத்தியிருந்த கதவு

சிறையில் அவரைப் பூட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாகக் காவலர் வேலை. எந்தப் பூட்டைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பீரோவைப் பூட்டிவிட்டு இழுப்பார், பின்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இழுப்பார். ஒருமுறை மாமனார் வீட்டில் குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்து, வெளியே தாழ்ப்பாள் போட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டும் வந்தார். உள்ளே மாமனார் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "உன் வீட்டுக்காரர் என்னையும் உள்ள தள்ளிட்டாரும்மா" என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மனிதர் இன்றைக்கும் சிரிக்கிறார்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அந்த மூன்று இழுப்புக்கும் காரணம் பயம். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் பயந்ததே கண் முன்னால் நடந்தது. பூட்டண்ணனின் கூட்டாளி ஒருவர் ஆஸ்பத்திரிக் காவலுக்குப் போயிருந்தார். கைதி கழிப்பறைக்குப் போனான், ஜன்னல் வழியாகக் குதித்தான், போயே போய்விட்டான். கூட்டாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு குவார்ட்டர்ஸ் வீடும் போயிற்று. ஒரு மத்தியான வேளையில் அந்தக் குடும்பத்தின் கட்டிலும் பாத்திரங்களும் வண்டியில் ஏறியதைப் பூட்டண்ணனின் மனைவி மாடியிலிருந்து பார்த்தாள். அன்றிலிருந்து கணவருக்கு ஆஸ்பத்திரி டூட்டி என்றால் அவளுக்கும் சோறு இறங்காது.

இந்த முறை டூட்டி வந்தது கண்டக்டருக்காக. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதிய மனிதர், வயது அறுபத்தொன்று. கூடப்பிறந்த தம்பியை அடித்துக் கொன்றதாக வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வயிற்றுப் புண் முற்றி, ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட்டு மாடி வார்டில் மூலைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கையில் குளுக்கோஸ், மறு கையில் விலங்கு. விலங்கின் மறுமுனை கட்டில் சட்டத்தில்.

போன முதல் நாளே பூட்டண்ணன் கழிப்பறையை அலசி ஆராய்ந்துவிட்டார். உள்தாழ்ப்பாளைத் தானே ஸ்க்ரூ கழற்றி எடுத்தார். கைதி போகும் கழிப்பறையில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

கழிப்பறைக்குப் போக வேறு ஒரு சங்கிலி உண்டு. பத்தடி நீளம். ஒரு முனை கைதியின் கையில், மறுமுனை காவலர் கையில். சங்கிலி நடுவில் ஓடுவதால் கதவு முழுசாக மூடாது. ஒரு முழத்துக்குத் திறந்தே இருக்கும். எதிரே நடைபாதை. நோயாளிகளைப் பார்க்க வருகிற அக்கா தங்கைகளும் மருமகள்களும் அந்த வழியாகத்தான் தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.

கண்டக்டர் இரண்டு நாளாகப் போகவே இல்லை.

"வெளிக்குப் போனீங்களா? என்ன கலர்ல போச்சு?" என்று நர்ஸ் காலையும் மாலையும் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் அவள் பூட்டண்ணனைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, அவருக்கு வராம இல்ல. அடக்கிக்கிட்டுக் கெடக்காரு. கதவு திறந்திருந்தா அந்த வயசு மனுஷன் எப்படி உட்காருவாரு? கறுப்பாப் போனா உள்ள ரத்தம் போகுதுன்னு அர்த்தம். எங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது."

"ரூல் அப்படிம்மா."

"ரூலுக்கா வயிறு வலிக்குது?"

 பூட்டண்ணனுக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, சங்கிலி மேலா, தன் மேலேயா என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று பகல் ஒரு மணிக்குக் கூட இருந்த இளைய காவலர் சாப்பிடக் கீழே போனார். விலங்கைக் கழற்றும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சார், முடியல. இனிமே அடக்க முடியாது."

பூட்டண்ணன் நீளச் சங்கிலியை எடுத்தார். கண்டக்டர் அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கெஞ்சியிருந்தால்கூட பூட்டண்ணன் முடியாது என்று சொல்லியிருப்பார். கண்டக்டர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அதுதான் பூட்டண்ணனை என்னவோ செய்தது. சங்கிலியைக் கட்டிலில் போட்டார். விலங்கைக் கழற்றினார்.

"கதவச் சாத்திக்கோங்க. சீக்கிரம் வந்துடுங்க. என் பொழப்பு உங்க கையில இருக்கு."

"நான் எங்க சார் ஓடப்போறேன்?" என்றார் கண்டக்டர். குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் இரண்டு நிமிடம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பூட்டண்ணன் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். படியில் ஜெயிலர் ஏறி வருவது போல ஒரு நினைப்பு. எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை. மூன்றாவது நிமிடம் உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

"கண்டக்டரே!"

பதில் இல்லை.

"யோவ் கண்டக்டரே!"

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.  தொப்பென்று கேட்டது ஆள் குதித்த சத்தம்தான் என்று மனசு அடித்துச் சொன்னது. கூட்டாளியின் கட்டில் வண்டியில் ஏறியது கண் முன்னால் வந்தது. அடுத்த நொடி பூட்டண்ணன் ஓடினார். கதவைப் பார்த்து இல்லை. படியைப் பார்த்து.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவரை இடித்தார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, துணி துவைக்கும் இடத்தைத் தாண்டி, பின்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். மாடி ஜன்னலில் கம்பிகள் வரிசையாக நின்றன. அவரே மூன்று மூன்று முறை இழுத்துப் பார்த்த கம்பிகள். ஒரு காக்கைகூட அந்த வழியாக வெளியே வந்திருக்க முடியாது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்ப்பாளும் இல்லை. சும்மா சாத்தியிருந்தது. ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும்.

திரும்பி ஓடும்போது கால் பின்னியது. ஐம்பத்து மூன்று வயது உடம்பு. மாடி ஏறிக் கதவைத் தள்ளியபோது கண்டக்டர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். தலை தரையில். ஊசி பிடுங்கிக்கொண்டு கையில் ரத்தம். கழிப்பறைப் பீங்கான் கறுத்துக் கிடந்தது. பூட்டண்ணன் முதலில் செய்த காரியம் கண்டக்டரின் வேட்டியை இழுத்து ஒழுங்காக மூடிவிட்டதுதான். பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார்.

கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடியது. டாக்டரம்மா கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு? தலை அடிபட்டுதா?"

இளைய காவலர் அதற்குள் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தார். கட்டிலில் கிடந்த சங்கிலியைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூட்டண்ணனின் காதில் குசுகுசுத்தார். "அண்ணே, சங்கிலி போட்டிருந்துச்சு, விழுந்த உடனே தூக்கிட்டோம்னு சொல்லுங்க. நானும் இங்கதான் இருந்தேன். புள்ளகுட்டிக்காரங்க நாம."

சொல்லிவிடலாம். விலங்கைக் கழற்றியதைக் கவனித்தவர்கள் யாரும் இல்லை. கண்டக்டரும் இப்போதைக்குப் பேசப் போவதில்லை. மனைவி முகமும் இரண்டு பெண்களின் முகமும் வந்து போயின. வாய் வரை வந்த பொய்யை அவர் மென்று விழுங்கினார்.

"ஆறு நிமிஷம் இருக்கும்மா. விலங்கக் கழட்டிட்டேன். சத்தம் கேட்டுச்சு. ஆனா நான் உள்ள போய்ப் பாக்கல. தப்பிச்சுட்டாருன்னு நெனச்சு வெளிய ஓடிட்டேன். தலை தரையிலதான் இருந்துச்சு."

டாக்டரம்மா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "ஆறு நிமிஷம்னா தலைக்கு ஸ்கேன் எடுத்தே ஆகணும். ரத்தமும் ஏற்பாடு பண்ணுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு இளைய காவலர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லையாம்! இதுக்கா அண்ணே தானா போய்த் தலையக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு முன்னாடியே எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் பூட்டண்ணன்.

ஜெயிலர் மறுநாள் வந்தார். விலங்கைக் கழற்றியது ஏன், தனியாகக் கழற்றியது ஏன், காவல் இடத்தை விட்டுப் போனது ஏன் என்று மூன்று கேள்வியோடு மெமோ கொடுத்தார். ஏழு நாளில் பதில் தர வேண்டும். இனிமேல் எதற்காகவும் சங்கிலியைக் கழற்றக் கூடாது, கதவைச் சாத்தவும் கூடாது என்று எழுத்தில் உத்தரவும் வந்தது. மாற்று ஆள் வரும்வரை டூட்டி அவருக்கேதான்.

வீட்டில் மனைவி மெமோவை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு பரணில் இருந்த காலி அட்டைப்பெட்டிகளை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்." துணியை உதறினாள். "ஏங்க, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? விலங்கக் கழட்டினீங்க, சரி. கதவத் தட்டக்கூட இல்லையா? ஒரு மனுஷன் விழுந்தா மொதல்ல கதவத்தானே தள்ளுவாங்க?"

அந்தக் கேள்வி மெமோவில் இல்லை. ஜெயிலர் கேட்ட மூன்றுக்கும் அவர் ஏதேதோ பதில் யோசித்து வைத்திருந்தார். இதற்கு எதுவும் வரவில்லை. கைதி என்றால் ஓடுவான் என்று மட்டுமே இருபத்திரண்டு வருடமாகப் படித்த தலை அது. ஓடுகிறவன் விழவும் செய்வான் என்று அது நினைத்ததே இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

விழுந்த ஐந்தாம் நாள் காலை கண்டக்டருக்கு எழுந்து நடக்க அனுமதி கிடைத்தது. பூட்டண்ணன் அவர் கையில் நீளச் சங்கிலியை மாட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கண்டக்டர் நடந்தார். கழிப்பறை வாசலில் நின்று நடைபாதையை ஒருமுறை பார்த்தார். குடத்தோடு இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவருடைய கால் உள்ளே போக மறுத்தது.

"நீங்க போங்க. நான் இருக்கேன்" என்றார் பூட்டண்ணன்.

கதவு ஒரு முழம் திறந்திருந்தது, உத்தரவுப்படியே. அந்த ஒரு முழத்தில் பூட்டண்ணன் தன் அகலமான முதுகை வைத்து, வெளியே பார்த்து நின்றார். சங்கிலி அவர் இடுப்போரமாக உள்ளே ஓடியது. குடத்தோடு வந்த பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் காக்கிச் சட்டையும் ஒரு கடுகடுத்த முகமும்தான். விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்கள்.

"சார், திரும்ப மாட்டீங்களே?"

"மாட்டேன். ஆனா நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னுச்சுன்னா உள்ள வந்துடுவேன். யாரு பாத்தாலும் வந்துடுவேன்."

"என்னத்தப் பேசறது?"

"எதையாவது பேசுங்க. உங்க பஸ்ஸு எங்கெங்க நிக்கும்? அதச் சொல்லுங்க."

  பிறகு உள்ளேயிருந்து தயங்கித் தயங்கிக் குரல் வந்தது. "டிப்போ... பழைய மார்க்கெட்... தண்ணித் தொட்டி... ஸ்கூல் வாசல்... ரயில்வே கேட்டு..." போகப் போகக் குரலில் ஒரு தெம்பு ஏறியது. பழைய விசில்கூட லேசாகக் கேட்டது போலிருந்தது. "கோர்ட்டு வாசல்..."

அதோடு நின்றுவிட்டது.  பூட்டண்ணன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினார்.  சங்கிலி அசையவில்லை. படிக்கட்டு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கை தானாகப் பின்னால் போய்க் கதவைத் தொட்டது.

"கண்டக்டரே! அடுத்த ஸ்டாப்பு?"

"அவசரப்படாதீங்க சார்" என்றது குரல். "கோர்ட்டு வாசல்ல ஏறி எறங்குற கூட்டம் ஜாஸ்தி. எல்லாரும் எறங்கட்டும்."

பூட்டண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பாமல் நின்றார்.