நாலு பேப்பரில் ராசாத்தி

அங்கப்பன் ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காப்பித்தூள் அரைத்து விற்றான். மிச்ச நேரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். நானும் அப்படித்தான், வேறொரு நாளிதழுக்கு. தொண்ணூற்று மூன்றில் ஊரில் எங்களைப் போல நாலு பேர். போட்டி போட்டுக்கொண்டு எழுதினோம் என்று நினைத்தால் அது உங்கள் வெகுளித்தனம். முறை வைத்து ஒருவர் மட்டும் காவல் நிலையம் போவார். அவர் எழுதியதை மற்ற மூவரும் பார்த்து எழுதி, இரண்டு வார்த்தை மாற்றி, சேலம் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம்.

அன்று அங்கப்பன் முறை. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாலு மூட்டை மிளகைக் காணோம். ராசாத்தி என்ற கூலிக்காரப் பெண் மேல் சந்தேகம் என்று மேனேஜர் புகார் கொடுத்திருந்தார். போலீஸ் அவளை விசாரிக்கக்கூட இல்லை. எப்படியும் பொழுது சாய்வதற்குள் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்து அங்கப்பன் 'கைது' என்று எழுதிவிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். மறுநாள் நாலு பேப்பரிலும் ராசாத்தி கைதாகியிருந்தாள்.

மூன்றாம் நாள் அந்த மிளகு எஸ்டேட்டின் இன்னொரு கிடங்கிலேயே கிடைத்தது. மேனேஜர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனால் காப்பிப்பழம் பறிக்க ராசாத்தியை யாரும் கூப்பிடவில்லை. காவல் நிலையத்தில் செய்தி வாங்கிப் போனது யார் என்று கேட்டுக்கொண்டு, அவள் பேப்பரோடு அங்கப்பன் கடைக்கு வந்தாளாம்.

"ஏனுங்க, நாலு பேப்பர்லயும் ஒரே மாதிரி வந்திருக்குது, அதெப்படிப் பொய்யாகும்னு கேக்கறாங்க. நான் என்னங்க சொல்றது?"

அன்று மாலை அங்கப்பன் எங்கள் மூவரையும் கூப்பிட்டான். சம்பந்தப்பட்டவரை நேரில் கேட்காமல் யார் பெயரும் போடுவதில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். உடனே கையெழுத்துப் போட்டோம். நாளை முதல் யோக்கியனாக இருப்பதில் என்ன கஷ்டம்? அடுத்து, ராசாத்தி செய்திக்கான திருத்தத்தை நீட்டினான்.

"நாலு பேரும் அனுப்போணும். நாலுலயும் வந்தாத்தான் நம்புவாங்க."

"தப்பா எழுதுனவன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல ஆள மாத்திருவாங்கப்பா," என்றார் எங்களில் மூத்தவரான பெருமாள். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். அவர் சொல்லிவிட்டது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

அங்கப்பன் மட்டும் அனுப்பினான். தவறு தன்னுடையதுதான் என்று ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்தான். ஐந்தாம் பக்கத்தில், வருந்துகிறோம் என்று மூன்று வரி வந்தது.

அடுத்த வாரம் நான் அவன் கடையில் நின்றுகொண்டிருந்தபோது ராசாத்தி வந்தாள். அவளை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான பெண், முப்பது வயதிருக்கும்.

"மூணு பேப்பரு திருடிங்குது, ஒண்ணு மட்டும் இல்லைங்குது. உங்களக் கையில போட்டுக்கிட்டேன்னு பேசறாங்க. ஊட்டுக்காரரும் அதையேதானுங்க கேக்கறாரு," என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அங்கப்பன் காப்பித்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த மூணு பேரு யாருன்னு சொல்லுங்க. நான் போயி கால்ல உழுந்து கேக்கறேன்."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானோ, நானே வாய் திறக்கட்டும் என்று விட்டானோ, தெரியாது. நான் திறக்கவில்லை. வெட்கமாக இருந்ததா என்றால், அதுகூட இல்லை. உள்ளே எதுவும் அசையவில்லை.

தூள் வாங்க வந்து காத்திருப்பவன் என்று நினைத்தாள் போல, ராசாத்தி ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"நீங்க வாங்கிக்கோங்க சாமி. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."