ஒருவருக்கு ஒரு கேள்வி என்றார்கள், பதினைந்து பேர் போனார்கள்

ஸ்பானிய மொழிச் சனிக்கிழமை வகுப்பின் அறையைத் திரும்ப எடுக்கும் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நகரசபையின் பாடசாலைக் குழுச் செயலகத்தைச் செவ்வாய் காலை நானே தொலைபேசியில் அழைத்துக் கேட்டறிந்தது இது. அன்று மாலை ஸ்பானியப் பெற்றோர் சங்கத்துக்கும் கடிதம் வந்தது. சங்கத் தலைவி பிலார் அதைப் படமெடுத்து அனுப்பினார். இரண்டும் பொருந்துகின்றன.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கும் அந்த நகரத்தின் பெயரை எழுதவில்லை. விடயம் முடியும்வரை வேண்டாம் என்று பிலார் கேட்டிருக்கிறார். நான் அங்கே போனது யோகேஸ்வரி கூப்பிட்டதால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே தங்கிவிட்டவர், ஸ்பானிய வகுப்பு நடக்கும் அதே கட்டிடத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறார். "எங்களைப் பற்றி எழுத வேண்டாம் அண்ணை. பக்கத்து அறையில நடக்கிறதை வந்து பாருங்கோ," என்றார்.

வியாழன் காலை 8.46க்குப் பேர்லினில் ரயில் ஏறினேன். மூன்று வாரம் முன்பே எடுத்ததால் சீட்டு 45 யூரோ 90 சதம். எசன் வரை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கிருந்து வட்டார ரயிலில் கால் மணி. நாடு முழுவதற்குமான மாதச்சீட்டு வைத்திருப்பவர்கள் வட்டார ரயில்களிலேயே மேலதிகச் செலவில்லாமல் போகலாம். ஏழு மணி நேரமாவது எடுக்கும், முதுகு உங்களுடையது.

நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். வாடகைக் கார் 14 யூரோ 20. ஓட்டுநர் நம்மவர். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"ஸ்பானியாக்காரற்றை அலுவலுக்கோ? உங்களுக்கு அங்கை என்ன வேலை?"

"நகரசபைக் கூட்டத்தில் பேசப்போகிறார்களாம்."

"பேசட்டும், பேசட்டும். எங்கட ஆக்களெண்டால் படியில நிண்டு கத்துவினம், உள்ளுக்கை போனால் வாய் திறவாயினம்."

பிலார் ஸ்பானிய மொழி பேசும் ஈக்குவடோரில் பிறந்தவர், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். நடந்ததை அவர் ஜெர்மன் மொழியில் விளக்கினார். ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குப் நகரசபையின் பாடசாலைப் பிரிவு அதிகாரி ஒருவர் வந்து கதவருகே நின்று எண்ணியிருக்கிறார். பெரியவர்கள் பதினொருவர், பிள்ளைகள் எவருமில்லை. "பிள்ளைகளுக்கான கற்பித்தல் நடைபெறவில்லை" என்று அறிக்கை எழுதினார். அறையைத் திரும்ப எடுக்கும் யோசனை அதிலிருந்து வந்தது.

அவர் எண்ணியது சரி. இந்தச் சங்கத்தின் வழக்கம் அப்படி. முதல் ஒரு மணி நேரம் பெற்றோருக்கு. அந்த வாரம் பாடசாலையிலிருந்து வந்த ஜெர்மன் கடிதங்களை ஒவ்வொருவரும் கொண்டுவருவார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பொருள் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதுவரை விளையாட்டு மண்டபத்தில். பதினொரு மணிக்குத்தான் ஸ்பானியப் பாடம்.

"பிள்ளைகளை முதலில் இருத்தினால் பிரச்சினை தீராதா?" என்று கேட்டேன்.

"தீரும். பிறகு பெற்றோர் வெளியே நிற்பார்கள்," என்றார் பிலார். "நான்காம் வகுப்பு முடிவில் என் மகனை ஜிம்னாசியம் என்ற மேல்நிலைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியை எழுதினார். இந்த மாநிலத்தில் அது ஆலோசனைதான், முடிவெடுப்பது பெற்றோர் என்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் அறிந்தேன். இப்போது அவன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாதையில் படிக்கிறான். எங்களை எண்ணட்டும். நாங்களும் மாணவர்கள்தான்."

கூட்டம் அன்று வியாழன் மாலை ஐந்துக்கு, நகரசபைக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில். யாரும் போகலாம், இலவசம். தொடக்கத்தில் குடிமக்கள் கேள்வி நேரம். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்றுதான். பிலார் தன் நீண்ட உரையைப் பதினான்கு கேள்விகளாக வெட்டி, பதினான்கு பேரிடம் கொடுத்திருந்தார். ஜெர்மன் மிகக் குறைவாகத் தெரிந்தவர் முதலில். இதுவும் சங்க விதி: நன்றாகப் பேசுபவர் தொடங்கினால் மற்றவர்கள் வாய் மூடிவிடுவார்கள்.

வர்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் எழுந்தார். காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"அன்று அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

"பதினொருவர்," என்றார் அதிகாரி.

அடுத்தவர்: "அவர்களின் கையில் என்ன இருந்தது?"

"காகிதங்கள்."

மூன்றாமவர்: "யார் அனுப்பிய காகிதங்கள்?"

அதிகாரி பதில் சொல்லுமுன் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் ஒரே விடயம். ஒருவர் கேட்டால் போதாதா?"

"ஒருவருக்கு ஒரு கேள்வி," என்றார் பிலார், இருந்த இடத்திலிருந்தே. "விதி உங்களுடையது."

பதினைந்தாவதாக எழுந்தவர் யோகேஸ்வரி. நான் எதிர்பார்க்கவில்லை. "அந்த அறையைத் தமிழ் வகுப்புக்குத் தருவதாக எனக்கு எழுதினீர்கள். வேண்டாம் என்று நான் அனுப்பிய பதில் எங்கே?"

கோப்பைப் புரட்டினார்கள். அதில் இல்லை. அறையைத் தமிழ் வகுப்பு எடுத்துக்கொள்ளும் என்று யோசனையில் மட்டும் அச்சாகியிருந்தது. தலைவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, விடயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்.

வெளியே வந்து கேட்டேன்: "உங்களுக்கும் அறை போதாதுதானே?"

"போதாதுதான். ஒரு வாங்கில மூண்டு பிள்ளையள் இருக்குதுகள்," என்றார் யோகேஸ்வரி. "அதுக்காண்டி? இண்டைக்கு அவையளை எழுப்பிப்போட்டு எங்களை இருத்துவினம். நாளைக்கு எங்களை எழுப்பிப்போட்டு ஆரை இருத்துவினமோ? ஏலாது எண்டு எழுதினன். கடிதத்தைத் துலைச்சிட்டு நான் ஓம் எண்டமாதிரிப் போட்டிருக்கினம், பாருங்கோவன்!"

சனிக்கிழமைவரை தங்கினேன். விடுதி ஓர் இரவுக்கு 62 யூரோ, காலை உணவு இல்லை. பத்து மணிக்கு அறைக்கதவில் ஜெர்மன் மொழியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "இப்போது பெற்றோர் வகுப்பு. உள்ளே வந்து எண்ணவும்." நான் எண்ணினேன். பெரியவர்கள் பதின்மூவர். அதில் இருவர் தமிழர். நடைபாதையில் தொலைபேசி பார்த்துக்கொண்டு நிற்கும் நம் வழக்கத்தை விட்டு, மடியில் கடிதங்களோடு இருந்தார்கள். பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் வந்தார்கள்.

சனிக்கிழமை வகுப்பு நடத்துபவர்கள் இதைப் பார்க்க ரயில் ஏறுவதற்கு முன் சொந்த ஊரின் குழுக்கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். கேள்வி கொடுக்கும் கடைசி நாளை விசாரித்து வையுங்கள். அனுப்பும் ஒவ்வொரு பதிலுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். யோகேஸ்வரி வாங்கவில்லை. இனி வாங்குவாராம்.

தீர்மானம் இலையுதிர்கால விடுமுறைக்குப் பின் வரும் முதல் கூட்டத்தில் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு முன் மறுபடி வந்து எண்ணுவதாகச் செயலகம் சொல்கிறது. எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. பிலார் நேரத்தை மாற்றவில்லை. அதிகாரி பத்து மணிக்கு வந்தால், பெரியவர்களைத்தான் காண்பார்.