காசிக்குப் போகாமலே விட்ட இறால்

சாத்தூரில் கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் தள்ளுவண்டியில் வாசலுக்கு வரும். இறால் வேண்டுமென்றால் தேடிப் போகவேண்டும். போர்ட் பிளேரில் இறால் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறது. கேரட்தான் சென்னையிலிருந்து கப்பலேறி வரவேண்டும். கப்பல் தாமதமானால் நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் தெருமுனைக் கடைக்காரர் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கணவருக்கு இங்கே அரசாங்க வேலை கிடைத்து, நானும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் காலையில் அந்த ஸ்கூட்டர் ஹாரன் கேட்டால் இன்றும் பக்கத்து வீட்டில் வாங்குகிறார்களா என்று எட்டிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். நல்லவர்களாக இருப்பதால், வாங்கியதைச் சமைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார்கள். எனக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. சாப்பிட்டால் தொண்டை அடைத்து மூச்சு முட்டும் என்று அர்த்தம்.

இது தெரியவந்ததே என் அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகுதான். சம்பந்தி வீட்டு விருந்தில் இறால் தொக்கு வைத்தார்கள். சாத்தூர்க்காரிக்கு அது அபூர்வம், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இலையை எடுப்பதற்குள் உதடு தடித்து, கண் மூடிக்கொண்டது. "புள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். சூட்டு உடம்பு என்று ஒருவர் மோர் கொடுத்தார். மதுரை டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: இறாலை மட்டுமல்ல, அது வெந்த குழம்பு, பொரித்த எண்ணெய், கிளறிய கரண்டி எதையும் தொடக்கூடாது. வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் காய்ச்சல் அடித்தால்தான் சீக்கு, மற்றதெல்லாம் பகட்டு. "கொஞ்சங் கொஞ்சமாத் தின்னு பழகுனா எல்லாம் சரியாப் போயிரும்" என்று என் அண்ணன் தன் வைத்தியத்தைச் சொன்னான். அதன் பிறகு சொந்தக்காரர் விருந்துகளில் தலைவலி என்று சொல்லி மோர்ச் சோறோடு எழுந்துவிடுவேன். விளக்கம் சொல்வதைவிடத் தலைவலி சுலபம்.

அப்படிப்பட்டவள் இறாலுக்கு நடுவே குடிவந்தேன். பள்ளியில் எனக்கு வாய்த்த தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி செல்வி அக்கா, ஆபீஸில் கிளார்க். அவர் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிக் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள். அக்கா பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி. இன்னொருத்தி மாலதி தீதி, சமூக அறிவியல் டீச்சர், பெங்காலி, என்னைவிட மூத்தவர் என்பதால் தீதி, அதாவது அக்கா. அவர் குடும்பம் பெரார்கஞ்ச் பக்கம் வயல் வைத்திருக்கிறது. மூவரும் சேர்ந்தால் வெளியே சாப்பிடப் போவோம். இங்கே தோழிகள் சாப்பிடுவது நம் பக்கம் போல ஆளுக்கொரு மீல்ஸ் அல்ல. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லாருடைய கரண்டியும் எல்லாவற்றிலும் புகுந்து புறப்படும். அதுதான் சிநேகம். ஒதுங்கித் தனித்தட்டு கேட்டால் மனவருத்தம் என்று நினைப்பார்கள். அலர்ஜி என்றும் சொல்லிப் பார்த்தேன். "அது மெயின்லேண்டு ஐஸ் இறாலு டீச்சர். நம்ம மால் ஏக்தம் தாஜா, புத்தம் புதுசு, ஒண்ணும் பண்ணாது" என்று செல்வி அக்கா தைரியம் சொன்னார். அலர்ஜி என்பது இறாலின் தரத்தைப் பற்றிய புகாராகவே இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி தீதி என்னையும் என் கணவரையும் பெரார்கஞ்ச் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய அம்மா தேங்காய்ப்பாலில் செய்த இறால் குழம்பை என் முன்னால் வைத்து, "தோடா ஸா, பேட்டி" என்றார். கொஞ்சம்தான் மகளே, என்று ஒரு தாய் கெஞ்சும்போது எப்படி மறுப்பது? நான் விழித்தேன். என் கணவர் சாவகாசமாகச் சொன்னார்: "காஷி மே சோட் தியா, மாஜி." காசியில் விட்டுவிட்டாளாம்! காசிக்குப் போகிறவர்கள் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் நமக்கும் உண்டு, பெங்காலிகளுக்கும் தெரியும். அந்த அம்மா சட்டென்று குழம்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானோ சென்னைக்கு வடக்கே ரயிலேறியதில்லை. வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர் பேர் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, விஸ்வநாதர் பேர் சொன்னா கேக்கிறாங்க. நமக்கு வேலை ஆகணும்ல?" என்றார் மனுஷன்.

வேலை ஆகத்தான் செய்தது. அதன் பிறகு ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. ஓட்டலில் உட்கார்ந்ததும் மாலதி தீதியே, "ஜெயா கே லியே ஜிங்கா நஹி" என்று ஆரம்பித்து, இவள் இறாலைக் காசியில் விட்டவள் என்று அறிவித்துவிடுவார். சர்வர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள். பொய் சொல்லாமலே புண்ணியவதியாக இருப்பது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் விரதத்துக்கு ஒரு கணக்கு, ஒவ்வாமைக்கு வேறு கணக்கு என்பதைக் கணக்கு டீச்சரான நானே யோசிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த அன்று மதியம் மூவரும் சாப்பிடப் போனோம். சின்ன ஓட்டல், பெங்காலிச் சமையல். மீன் வறுவல், பருப்பு, சுரைக்காய்க் கூட்டு என்று சொன்னோம். இறால் வேண்டாம் என்றும் வழக்கம்போல் சொல்லியாயிற்று. மாலதி தீதி கை கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் உட்கார்ந்தார். சுரைக்காய் வந்தது. வெளிநாட்டிலே ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. தீவில் சுரைக்காய் அகப்பட்டாலும் இப்படிக் குழைய வெந்து சீரக வாசனையோடு நான் சாப்பிட்டு நாளாகியிருந்தது. கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு வழித்துச் சாப்பிட்டேன். தீதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் நாக்கு அரித்தது. பிறகு காது மடல்.

"டீச்சர், மூஞ்சியெல்லாம் லாலாச் செவந்திடிச்சே, மிர்ச்சி ஜாஸ்தியா?" என்றார் செல்வி அக்கா.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. குரல் எங்கோ மாட்டிக்கொண்டது. மாலதி தீதி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "லௌகி மே சிங்ரி தா!" என்று கத்தினார். சுரைக்காயில் இறால் இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். அந்த ஓட்டலில் சுரைக்காயோடு பொடி இறால் சேர்த்துத்தான் சமைப்பார்கள். விரதக்காரிக்கு என்று சொன்னதும் சமையல்காரர் ஒரு கிண்ணத்தில் எடுத்து, பொடி இறாலைக் கரண்டியால் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறார். கை கழுவப் போன தீதி அதைப் பார்த்துவிட்டார். பார்த்தும் சொல்லவில்லை. "அஞ்ஜானே மே காயா தோ தோஷ் நஹி" என்பது அவர் வளர்ந்த நம்பிக்கை. தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை. நாமும் அதைத்தானே சொல்லுவோம்? எனக்குத் தெரிந்தால்தான் விரதம் கெடும். தெரிந்தால் பசியோடு எழுந்துவிடுவேன். தெரியாமல் போனால் வயிறும் நிறையும், காசியும் நிற்கும். தோழியின் புண்ணியத்தைக் காப்பாற்றத்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு விரைந்த ஆட்டோவில் என் தலை தீதியின் மடியில் இருந்தது. காற்று உள்ளே வர மறுத்தது. சாத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கு யார் போன் செய்வார்கள், எந்த மொழியில் சொல்வார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. சாவு பயம் என்றால் பெரிதாக ஏதோ தோன்றும் என்பார்கள். எனக்கு இதுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதும் தீதி ஒன்றையும் மறைக்கவில்லை. இறால் இருந்ததையும், பொறுக்கி எடுத்ததையும், தான் பார்த்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். உடனே தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு தன் வழிக்கு வந்தது.

கண் திறந்தபோது தீதி கட்டில் ஓரத்தில் அழுதுகொண்டிருந்தார். விரதத்தை முறித்ததற்கு விஸ்வநாதர் என்னைத் தண்டித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். நான் செய்யாத பாவத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது என் கணவர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறி, "தீதி, காஷி தோ யே கபி கயி ஹி நஹி" என்றார். இவள் காசிக்குப் போனதே இல்லை.

தீதி அழுகையை நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கணவரைப் பெங்காலியில் திட்ட ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. அன்றைக்குத் தெரியத் தேவையும் இருக்கவில்லை. நர்ஸ் வந்து அதட்டிய பிறகும் நிற்கவில்லை. செல்வி அக்காதான் தமிழில் முடித்து வைத்தார். "என்னங்க சார் நீங்க! சாமிக்குன்னா எடுத்துப் போட்டா போதும்னு விட்டுருவோம். பீமாரி, சீக்குன்னு சொல்லியிருந்தா கடாயையே கழுவ வச்சிருப்போமே!" அலர்ஜி என்று நான் முன்பே சொன்னதை அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு மனமில்லை. அவருக்கே அது ஞாபகம் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் வெளியே சாப்பிடும் விதம் மாறிவிட்டது. மாலதி தீதி நாற்காலியில் உட்காருவதற்கு முன் சமையலறைக்குப் போகிறார். விரதம் என்ற பேச்சே இல்லை. "மர் ஜாயேகி!" என்று எடுத்த எடுப்பிலேயே சமையல்காரரைப் பயமுறுத்துகிறார். இவள் செத்துப்போவாள் என்று நம்மைப் பற்றி நாலு பேர் நடுவில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பது ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. கடாய் கழுவி, புது எண்ணெய் ஊற்றும்வரை அடுப்பருகிலேயே நிற்பார். செல்வி அக்கா மேஜைக்கு வரும் தட்டுகளுக்குக் காவல். நடுவில் வைத்துச் சாப்பிடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை, எனக்காகத் தனித்தட்டும் போடவில்லை. மூவரும் சேர்ந்து போனால் மேஜைக்கே இறால் வராது. இறால் என்றால் உயிரை விடும் இரண்டு பெண்கள் எனக்காக அதை விட்டிருக்கிறார்கள். "நாங்கதான் நெஜமா காசிக்குப் போய் வந்த மாதிரி ஆயிடிச்சு" என்று செல்வி அக்கா கேலி செய்வார். நான் அவர்களுக்கு நன்றி சொன்னதில்லை; சொன்னால் அடிப்பார்கள். உங்களிடம் சொல்லிவைக்கிறேன்: கடல் தாண்டி வந்த இடத்தில் என் உயிரை இரண்டு பேர் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய பாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை. என்னைப் போலப் புறப்பட்டு வந்திருப்பவர்களுக்கும் இப்படி இரண்டு பேர் அமையட்டும்.

இந்தக் கோடை விடுமுறையில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து என்று சாத்தூர் போயிருந்தேன். கறி விருந்து. தூத்துக்குடி அக்கா வீட்டிலிருந்து இறாலும் வந்திருந்தது. நான் காலையிலேயே தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டேன். சொந்த ஊருக்குள் நுழைந்ததும் வாய் தானாகப் பழைய பாதையில் போய்விடுகிறது. மதியம் மாலதி தீதி விசேஷத்தைப் பார்க்க வீடியோவில் கூப்பிட்டார். பந்தலைக் காட்டினேன், குழந்தையைக் காட்டினேன், பின்கட்டில் வரிசையாக இருந்த அடுப்புகளையும் காட்டினேன். அவ்வளவுதான். "சமையல்காரர் யார்? அவரிடம் போனைக் கொடு" என்றார் இந்தியில். வேண்டாம் தீதி என்றேன். கொடு என்றார். சமையல் மாஸ்டர் முன் போனை நீட்டினேன். தீதி கேள்வி கேட்க, மாஸ்டர் என்னைப் பார்க்க, நான் தமிழாக்கினேன்.

"இறாலுக்குத் தனிக் கடாயா வச்சிருக்கீங்கன்னு கேக்காங்க. கரண்டியும் தனியாத்தான் இருக்கணுமாம். கலந்துருச்சுன்னா அவ செத்துப் போவாளாம்."

மாஸ்டர் பதறிப்போய்க் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு தாயி? யாருக்கு ஆகாது?"

"எனக்குத்தான்" என்றேன்.

அந்த ஊரில் அதை நான் சத்தமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. மாஸ்டர் உடனே ஆளைக் கூப்பிட்டு, ஒரு சட்டியைத் தேய்த்துக் கழுவி எனக்கென்று தனியாக அடுப்பில் ஏற்றச் சொன்னார். போனில் தீதி சட்டியைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி, பார்த்துத் திருப்தியான பிறகுதான் போனை வைத்தார். பந்திக்குக் குழம்பு வாளி எடுக்க வந்த அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"இம்புட்டு அக்கறையா விசாரிக்காகளே, யாரு தாயி அது?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எங்க ஊர்க்காரங்க" என்றேன்.

அண்ணன் வாளியோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.